பூப்பெயர் நோட்டு

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைசெய்யும் மருந்துக்கடையின் பின்கட்டில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. எடுத்தால் மனிதக் குரல் இல்லை, இயந்திரக் குரல். உங்கள் பிள்ளை இன்று இரண்டாம் பாடவேளைக்கு வரவில்லை, காரணத்தைத் தெரிவிக்கவும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கனடாவில், எங்கள் கால்கரியில் பள்ளிக்கூடங்கள் இப்படித்தான். பிள்ளை வகுப்பில் இல்லை என்று ஊருக்கு முந்திச் சொல்லும். எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. வகுப்புக்கு மட்டம் போடுகிற ரகமில்லை. எண்ணிய மாத்திரைகளை அப்படியே விட்டுவிட்டு, மேலாளரிடம் சொல்லிக்கொண்டு, பனியில் வண்டியை விரட்டிப் பள்ளிக்குப் போனேன்.

அலுவலகப் பெண்மணி கணினியைப் பார்த்தார். "ஆலோசகர் அறையில் இருந்திருக்கிறாள். தவறுதலாக வராத கணக்கில் விழுந்துவிட்டது. திருத்திவிடுகிறோம்" என்றார்.

"எதற்காக ஆலோசகரைப் பார்த்தாள்?"

"அதை நாங்கள் சொல்ல முடியாது."

"நான் அவளைப் பெற்றவள்."

அவர் அதற்குச் சிரித்தார். எனக்குப் பதற்றம் வந்தால் இருபது வருட ஆங்கிலமும் ஓடி ஒளிந்துகொள்ளும். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அந்த அம்மாள் அன்பாகக் கேட்டார். அந்த அன்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார், தகவல் கோரும் விண்ணப்பமாம். பெயர், முகவரி, உறவு எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் மாணவியின் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. என் பிள்ளையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள என் பிள்ளை அனுமதி தர வேண்டும்! படிவத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

யாழினியின் பள்ளியில் அந்த வாரம் மனநல வாரம். நடத்துவது மாணவர்களே, அதில் இவளும் ஒரு முக்கியப் புள்ளி. தாழ்வாரம் முழுக்கப் பச்சை ரிப்பன் கட்டியிருந்தார்கள். கழிவறைக் கண்ணாடிகளில் மஞ்சள் சீட்டு ஒட்டி 'நீ போதுமானவள்', 'இன்று தண்ணீர் குடித்தாயா' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பரீட்சைப் பயம் போக, தடவிக் கொடுப்பதற்கென்றே மூன்று நாய்களை வரவழைத்திருந்தார்கள். நாயைத் தடவ முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டுமாம். இவ்வளவு செய்கிற பிள்ளை, தனக்கு என்ன என்று எவளோ ஒரு ஆலோசகரிடம் போய்ச் சொல்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அன்றிரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

2

இந்த மனநலம் எல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று என் மகள் நினைக்கிறாள். தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில், கணபதிக்குப் பக்கத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நாங்கள் இதே வேலையைச் செய்தோம் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு.

பிளஸ் டூ காலாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி வினாத்தாளைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால் கையும் காலும் நடுங்குகின்றன, பேச்சு வரவில்லை. வீட்டில் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டி அனுப்பினார்கள். அடுத்த தேர்விலும் விழுந்தாள். அப்போதுதான் எங்கள் விலங்கியல் ஆசிரியை செல்வநாயகி டீச்சர் வகுப்பில் கேட்டார். "ஒடம்புக்குக் காய்ச்சல் வந்தா லீவு லெட்டர் எழுதறீங்கல்லோ? மனசுக்குக் காய்ச்சல் வந்தா என்னங் கண்ணு பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நானும், என் உயிர்த்தோழி திலகவதியும், இன்னும் இரண்டு பேரும் கிளம்பினோம். திலகா கிணத்துக்கடவுக்காரி. தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீடு. எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் அப்பா தோட்டத்து மோட்டார் எரிந்துபோகும்போதெல்லாம் செம்புக்கம்பிக் காயில் புதிதாகக் கட்டக் கொண்டுவருவது கணபதியில் இருந்த என் அப்பாவின் பட்டறைக்குத்தான். அந்தப் பழக்கத்தில்தான் என் அப்பா சொல்லித் திலகாவை இந்தப் பள்ளியில் சேர்த்தார்கள்.

நாங்கள் சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மாட்டினோம். 'ஆறு மணி நேரமாவது தூங்குங்கள்.' 'பட்டினியோடு பரீட்சை எழுதாதீர்கள்.' விடுதிப் பெண்கள் பரீட்சை நாளில் பயத்தில் சாப்பிடாமல் வருவார்கள் என்பதால், வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கூடுதலாகக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. மணி அடிக்கும் முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ணுவோம். முதல் நாள் எல்லோரும் சிரித்து உருண்டார்கள். ஒரு வாரத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது.

"படிக்கற புள்ளைகளுக்கு எதுக்குங்க டீச்சர் இந்த வேண்டாத வேலை?" என்று தலைமையாசிரியை கேட்டார். அரையாண்டில் ஒருத்திகூட மயங்கி விழவில்லை என்றதும் சும்மா இருந்துவிட்டார்.

3

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. ஒரு நோட்டு போட்டோம்.

மனதில் இருப்பதை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பெயர் போடக்கூடாது, ஒரு பூவின் பெயரைப் போட வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் எழுதலாம். நோட்டு விலங்கியல் லேபில், பாட்டிலில் மிதக்கும் தவளைகளுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும். கனகாம்பரம் என்பவள் தன் அப்பா குடித்துவிட்டு வருவதை எழுதினாள். நந்தியாவட்டை என்பவள் கணக்குப் புத்தகத்தைத் தொட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று எழுதினாள். கீழே ஒருத்தி, 'எனக்கும்தான். வா, சேர்ந்து போடலாம்' என்று பதில் எழுதியிருந்தாள். அந்த நோட்டில் ஃபார்மலின் வாசனை அடிக்கும். ஆனாலும் அதைத் திறந்தால் மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

நோட்டுக்குப் பொறுப்பு நான். வகுப்பிலேயே சுத்தமாக ரெக்கார்டு நோட்டு எழுதுபவள் என்று எனக்குப் பெயர். ரெக்கார்டு நோட்டு என்றால் முதல் பக்கத்தில் பொருளடக்கம் இல்லாமல் இருக்குமா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், தேதி, தலைப்பு, பக்க எண். அதோடு விட்டேனா, எந்தப் பூ யார் என்று எனக்குத் தெரிந்தவரை உண்மைப் பெயரும் வகுப்பும் எழுதி, ஆசிரியர் கையொப்பத்துக்கு ஒரு கட்டமும் போட்டேன். போட்டுவிட்டுப் பெருமையாக டீச்சரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, ஏங் கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே?" என்று தலையில் கை வைத்தார். பிறகு பிளேடு எடுத்து அந்தத் தாளை மட்டும் கிழித்து, படித்தும் பார்க்காமல் ஒரு கவருக்குள் போட்டுப் பசை தடவி ஒட்டினார். "ஏதாச்சும் ஒரு புள்ளைக்கு ஆபத்துன்னா மட்டும் பிரிப்போம். இல்லாட்டி இது இப்படியே இருக்கட்டும்" என்று தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

மார்கழி கடைசியில் செவ்வந்தி என்பவள் எழுதிய பக்கத்தைப் படித்தேன். 'கை நடுங்குகிறது. விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பரீட்சை முடிந்ததும் மாமனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் எப்படிச் சொல்வது? இந்தப் பரீட்சை முடியவே கூடாது.'

செவ்வந்தி என் திலகா. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்து, டீச்சர் கவரில் போட்ட தாளிலும் அவள் பெயரை எழுதியிருந்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் டிபனில் பாதியைச் சாப்பிட்டவள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. அம்மா அடுக்களையில் இருந்தார். அப்பா என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னங் கண்ணு, சோறு அப்படியே இருக்குது?" என்றார். நான் அப்பா செல்லம். பட்டறையில் எந்த மோட்டார் என்ன கோளாறு என்று அவர் என்னிடம் சொல்வார், பள்ளியில் நடப்பதையெல்லாம் நான் அவரிடம் சொல்வேன். சொல்லிவிட்டேன். அப்பா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். "சேரி, நீ படிப்பப் பாரு. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு நெஞ்சு லேசாகிப் போனது. அப்பாவிடம் சொல்வது வெளியே சொல்வதாக எனக்குப் படவே இல்லை.

4

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டாம் நாள் திலகாவின் அப்பா அம்பாசிடர் கார் பிடித்துக்கொண்டு வந்தார். நேரே விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து நான்கு துண்டாகக் கிழித்தார். பிறகு தலைமையாசிரியை அறையில் நின்று அவர் போட்ட சத்தம் எங்கள் வகுப்புவரை கேட்டது.

"பொட்டப் புள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கச் சொன்னா, ஊட்டுச் சங்கதியெல்லாம் நோட்டுல எழுத வெக்கறீங்களா? என்ற மானம் போச்சுங்க!"

விடுதி வாசலில் பெட்டியும் கையுமாக நின்ற திலகா என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ சொன்னியா?"

"சத்தியமா இல்ல திலகா! டீச்சர் கவரப் பிரிச்சுப்போட்டாங்க. அவிய தவிர வேற ஆருக்குத் தெரியும்?"

அவள் நம்பினாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் காரில் ஏறினாள். செய்முறைத் தேர்வுக்குக்கூட அவளை அனுப்பவில்லை. வைகாசியில் கல்யாணம். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

திலகா கார் ஏறிய அன்று மதியமே லேபுக்குப் போய் டீச்சர் முன்னால் நின்றேன். இருபது பேர் தவளையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் கத்தினேன்.

"நம்புனோமே டீச்சர்! ஆருகிட்டயும் சொல்லமாட்டோம்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொல்லலை கண்ணு" என்றார். டிராயரைத் திறந்து கவரை எடுத்து நீட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"திரும்ப ஒட்டறதுக்கு எத்தன நேரமாகும்?" என்று சொல்லி அதை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டேன். டீச்சர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

நிர்வாகம் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. நோட்டை வாங்கிப் போய்விட்டார்கள். சார்ட்டுகளைக் கழற்றினார்கள். டிபன் பாக்ஸும் மூச்சு எண்ணுவதும் தானாக நின்றன. பிரிவுபசார நாளில் எல்லோரும் ஆட்டோகிராப் நோட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சர்களைச் சுற்றினார்கள். நான் செல்வநாயகி டீச்சரிடம் மட்டும் நீட்டவில்லை, என் பேச்சைக் கேட்டு இன்னும் பத்துப் பதினைந்து பேரும் நீட்டவில்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமான புதிதில் அவரை ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தேன். சரவணம்பட்டியில் மகனோடு இருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். நம்பிக் கழுத்தறுபட்டவள் அல்லவா நான்! அப்படித்தான் இத்தனை காலமும் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் டீச்சர், டாக்டர், ஆலோசகர் என்று யார் பரிவாகப் பேசினாலும் எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

5

மனநல வாரம் முடிந்த சனிக்கிழமை சமையலறையில் வைத்து யாழினியைப் பிடித்தேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் என்னிடமிருந்து வந்தது, அதனால் கொங்குத் தமிழ். நடுநடுவே ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஆலோசகர்கிட்ட என்னங் கண்ணு பேசுனே?"

"அது என்ற விஷயம்ங்கம்மா. இப்ப சொல்ல முடியாது. சொல்ல முடியறப்போ சொல்றேன்."

"பெத்தவகிட்டச் சொல்ல முடியாதத ஊரான்கிட்டச் சொல்லுவியா? நாளைக்கு அந்தப் பொம்பள எல்லாத்தையும் எங்கிட்டயே வந்து ஒப்பிக்கும் பாரு."

"நீங்க ஸ்கூலுக்கு வந்து கேட்டீங்களாமே. அவங்க சொன்னாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பில்தான் திலகா கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இப்படிப்பட்டவர்களை நம்பினால் என்ன ஆகும் என்று இவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். நோட்டு, கவர், அம்பாசிடர் கார் எல்லாவற்றையும் சொன்னேன். யாழினி அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள். முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"நான் ஏன் சொல்றேன்? அப்பாகிட்ட மட்டும் சொன்னேன்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னால."

"மனநல வாரத்துக்கு எங்களுக்குக் குடுத்த ட்ரெய்னிங்ல மொதல் நாளே இதத்தான் சொன்னாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னாலும் அது வெளிய சொன்னதுதான்னு. தாத்தாவுக்கு அவங்கப்பாவத் தெரியுந்தானம்மா?"

கன்னத்தில் அறைந்திருப்பேன். இந்த நாட்டில் அறையக் கூடாது என்பதால் கரண்டியைத் தொட்டிக்குள் வீசினேன். என் அப்பாவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? விடுமுறைக்கு நான்கு முறை போய்ப் பார்த்தவள். நான் ஒரு வாய் குறைவாகச் சாப்பிட்டால்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர். அவரைப் போய்! பெற்ற மகளே என்னைக் கவிழ்த்துவிட்டதாகத்தான் தோன்றியது. நாளைக்கே அப்பா வாயால் இல்லை என்று சொல்லவைத்து, இவளை மன்னிப்புக் கேட்கவைப்பேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வழக்கமாக அப்பாவைக் காணொளியில் கூப்பிடுவேன். அப்போது அங்கே சாயங்காலம் கழிந்து, அப்பா இட்லி சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா போன பிறகு இந்தக் கூப்பிடுதலுக்காகவே அவர் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். யாழினி கூடத்தில் சோபாவில் புத்தகத்தோடு இருந்தாள். வேண்டுமென்றேதான் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

மழை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டேன். "ஏனுங்கப்பா, கிணத்துக்கடவு திலகா ஞாபகம் இருக்குதுங்களா?"

"அட, நெம்ப நல்லா இருக்குதே! போன மாசந்தான் அவ பையன் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன். மாடி ஊடு, ரெண்டு கார். அன்னைக்கு மட்டும் நான் அவங்கப்பன்கிட்டச் சொல்லாம உட்டிருந்தா, அந்தப் புள்ள எங்கியோ ஆஸ்பத்திரியில சீக்காளிக்கு மருந்து கட்டிட்டுக் கெடந்திருக்கும்."

கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நீங்களாப்பா சொன்னீங்க?"

"பின்ன? மோட்டார் எடுக்க வந்த மனுசன். புள்ள இப்படி நெனைக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருக்க முடியுமா? நீயும் சோறு எறங்காமத் தவிச்சே. பாத்துக்கறேன்னு சொன்னேன்ல, பாத்துக்கிட்டேன்." அவர் முகத்தில் துளி சங்கடம் இல்லை. நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. "அந்த டீச்சரம்மாதான் பாவம். பட்டறைக்கே வந்துபோட்டாங்க."

"எந்த டீச்சர்?"

"அந்தத் தவள அறுக்கற டீச்சர். 'உங்க மக எம்மேல கோவமா இருக்குது, நீங்களாச்சும் உண்மையைச் சொல்லுங்க'ன்னாங்க. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். 'அம்மணி, பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்குது. தான் சொன்னதாலதான் இப்படியாச்சுன்னு தெரிஞ்சா புள்ள ஒடஞ்சுபோயிரும், படிக்காது. நீங்க பொறுத்துக்கோங்க'ன்னேன். அந்தம்மா 'சேரிங்க, நான் சொல்லலை'ன்னுட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுசி. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல பாரு."

"கடைசி வரைக்குமா?"

"ரெண்டு வருசம் ஆச்சே கண்ணு தவறி. பேப்பர்ல போட்டோ போட்டிருந்தாங்க. உங்கிட்டச் சொல்லலையா நான்?"

உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அந்த வழியாகத்தான் எல்லாம் போயிருக்கிறது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் தோழியை விற்றுவிட்டு, அந்தப் பழியை வேறொருத்தி தலையில் வைத்துவிட்டு, முப்பது வருடமாக, நான் இங்கே வந்த பின் ஒவ்வொரு ஞாயிறும், என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். அவரிடம் கத்த வேண்டும் போலிருந்தது. திரையில் எழுபத்தாறு வயதுக் கிழவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் மேல் கத்துவது? 'சத்தியமா இல்ல' என்று திலகாவிடம் சொன்னது நான்தானே. அத்தனை பேர் நடுவில் கவரைக் கிழித்ததும் நான்தான்.

"என்னங் கண்ணு, மூஞ்சி வாடிப்போச்சு?" என்றார் அப்பா. "பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஏதோ மனசு செரியில்லைன்னு மாப்பிள்ளை சொன்னாரு. என்ன சங்கதி? எங்கிட்டச் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

சோபாவில் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. யாழினி நிமிரவில்லை. காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்றேன். "பாப்பா நல்லா இருக்கறா."

"எங்கிட்டயே மறைக்கறயா கண்ணு?"

"ஆமாங்கப்பா" என்றேன்.